மோட்டார் வாங்குவதற்கு முன்



கட்டாரில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் போன கிழமை இன்பொக்ஸில் கேட்டிருந்தார். "சேர், இன்னும் ஒரு வருசத்தில ஊருக்கு வந்திருவன். வாப்பாட காணியில தோட்டம் செய்யப் போறன், இயற்கை முறையில. எத்தனை குதிரைவலு மோட்டார் வாங்கினா நல்லம்?"

ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தோம். முடியவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமை இல்லாதவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். படத்தில் இருப்பது எங்கள் கிணறு. பக்கத்தில் நிற்பது வெள்ளாடு, பெயர் இல்லை.

'நாங்கள்' என்று எழுதுவதைச் சிலர் பகிடி பண்ணுகிறீர்கள். பள்ளிக்கூடத்து இடாப்பில் கையெழுத்து வைப்பது எங்களில் ஒருவர்தான். ஆனால் பாப்பாமோட்டைக் காணியில் உம்மா, நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், ஒன்பது ஆடுகள், எண்ண முடியாத கோழிகள் இருக்கிறோம். யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்து எழுதப்போனால் வீட்டில் சண்டை வரும்.

1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்களுக்கு விளையாடித் திரியும் வயது. கற்பிட்டிப் பக்கம், ஆலங்குடாவுக்குக் கிட்ட, ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். வாப்பாவும் உம்மாவும் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். வெறும் மணலில் வெங்காயமும் மிளகாயும் அப்படி விளையும். பார்க்க அதிசயமாக இருக்கும். அதிசயம் ஒன்றுமில்லை, யூரியாவும் தண்ணீரும்தான். மணல் எதையும் பிடித்து வைக்காது. போட்ட பசளையில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறி, ஊற்றுகிற தண்ணீரோடு நேரே கீழே இறங்கும். மறுநாள் அதே கிணற்றில் இறைப்பார்கள். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம்.

இது அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு ஆசிரியர் பயிற்சிக் காலத்தில்தான் கற்பிட்டி நிலத்தடி நீரைப் பற்றிய ஆய்வுகளை வாசித்தோம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே பல. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் நீலம் பாரிக்கும் நோய் இதனால் வரும். எங்களுக்கு வேலையும் இருக்க இடமும் தந்த ஊர் அது. குறை சொல்ல மனம் வராது. ஆனால் ஊருக்குத் திரும்பினால் நம் கிணற்றுக்கு மேல் யூரியா விழக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டோம். எங்கள் 'இயற்கை விவசாயம்' அங்கிருந்து வந்தது. கொள்கை எல்லாம் பிறகுதான்.

2011 இல் வந்தோம். முக்கால் ஏக்கர். இருபது வருடக் காடு. கண்ணிவெடி அகற்றி முடிந்த பிறகு, அவசரத்தில், நாங்களே டோசர் பிடித்து ஒரே நாளில் காணியை வெளியாக்கினோம். பார்க்க அழகாக இருந்தது, சிவந்து மொட்டையாக. காட்டு மரங்கள் இருபது வருடம் இலை கொட்டிச் சேர்த்த மேல்மண் முழுவதையும் டோசர் வேலியோரம் தள்ளிவிட்டிருந்தது. அதை மறுபடி கூடையில் அள்ளிப் பரப்ப எங்களுக்கு மூன்று வருடம் எடுத்தது. மாணவரே, இதை முதலில் குறித்துக்கொள்ளும்: கத்தியும் மண்வெட்டியும் போதும். டோசர் வேண்டாம்.

2013 இல் காக்காவும் நாங்களும் பாதிப் பாதி போட்டு இரண்டு குதிரைவலு மோட்டார் வாங்கினோம். கிணறு பதினாறு அடி. மாரியில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். காக்கா கால் ஏக்கரில் மிளகாய் வைத்தார். எங்களுக்குக் கத்தரி, வெண்டி, பயத்தங்காய். மூன்று வருடம் நல்ல விளைச்சல். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பழைய 'பசுமை விகடன்' இதழ்களைப் படித்து, நம்மாழ்வார் ஐயாவைப் பற்றிப் பேசி, ஏதோ நாங்களே உலகத்தைத் திருத்திவிட்டது போல் இருந்தோம்.

2016 மாரி பொய்த்தது. வடக்கில் அந்த வரட்சியை மறந்தவர்கள் இருக்க மாட்டீர்கள். 2017 சோளகம் தொடங்கியபோது மிளகாய் பூத்து நின்றது. காக்கா காலை இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மோட்டார் போட்டார். நாங்களும் தடுக்கவில்லை.

ஓகஸ்டில் ஒரு நாள் காலை உம்மா பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தண்ணி சவரடிக்குது மகன்."

நாங்கள் குடித்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. காக்கா சிரித்தார். "உம்மாக்கு நாக்குச் செத்துப் போச்சு" என்றார். எட்டாவது நாள் மிளகாய் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கிணற்றுத் தண்ணீருக்குள் இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பார்த்தோம். மழைத்தண்ணீரில் விட்டால் தெளிவாகவே இருக்கும். எங்கள் தண்ணீர் பால் போல வெளுத்தது. குளோரைட்டு, அதாவது உப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் செய்து காட்டும் பரிசோதனை. அன்று கை நடுங்கியது.

நடந்தது என்னவென்று விளக்குகிறோம், ஏனென்றால் கரையோரக் காணி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். கடல் எங்களுக்கு மேற்கே, நடந்து போகும் தூரம். நிலத்துக்குள்ளும் அந்தக் கடல் வந்திருக்கிறது. மழையால் இறங்கிய நல்ல தண்ணீர் அந்த உப்புத் தண்ணீருக்கு மேல், எண்ணெய் மிதப்பது போல மிதக்கிறது. கடல் நீர் நல்ல நீரை விட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம். அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே சுமார் நாற்பது அடி நல்ல தண்ணீர் தாங்கி நிற்கும். கிபென், ஹேர்ஸ்பேர்க் என்ற இரண்டு பேர் இந்தக் கணக்கைச் சொல்லி நூறு வருடத்துக்கு மேலாகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறலாம். மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்பு போல மேலே எழும்பும். கிணறு 'ஊறுகிறது' என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஊறியது கடல்.

காக்கா குழாய்க் கிணறு அடிப்போம் என்றார். இன்னும் கீழே போவது உப்புக்கு இன்னும் கிட்டப் போவது என்று நாங்கள் சொன்னோம். படம் கீறிக் காட்டினோம். விஞ்ஞான வாத்தியாரின் பெரிய குறை இது, வயிறு எரிகிறவனுக்குப் படம் கீறிக் காட்டுவது. மிளகாய்க்காக அவர் வாங்கிய கடன் அப்போது நிலுவையில் இருந்தது. ஒரு நாள் சத்தம் போட்டார்: "நீங்க மாசம் சம்பளம் எடுக்கிற ஆக்கள். உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு இது சோறு." 2018 தையில் மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புத்தளம் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மை. இயற்கைத் தோட்டப் பதிவுகளை எழுதுகிறவர்களில் அநேகம் பேர் இதை எழுதுவதில்லை. முதல் ஐந்து வருடம் காணி எங்களுக்குச் சாப்பாடு போடவில்லை. எங்கள் சம்பளம்தான் காணிக்குச் சாப்பாடு போட்டது. கட்டார் காசு தீரும் முன் விளைச்சல் வரும் என்று நம்பி வருகிறவர், அந்த நம்பிக்கையை ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கொண்டு வர வேண்டும்.

காக்கா போன பிறகு மோட்டாரைக் கழற்றி ஆட்டுக்கொட்டிலில் வைத்தோம். துலா இல்லை, கப்பி போட்டோம். வாளியால் அள்ளும்போதுதான் எந்த மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பது கைக்குத் தெரிகிறது. பத்து வாளி அள்ளின பிறகு கத்தரிக்கு அது போதும் என்று மனம் தானாக ஒப்புக்கொள்கிறது.

பக்கத்துக் காணியில் ஒரு ஐயா இருக்கிறார். கத்தோலிக்கர். எழுபது தாண்டியவர். 2008 இல் இந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவரும் பெயர்ந்து, முல்லைத்தீவு வரைக்கும் போய், மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வந்தவர். எங்களை விடவும் அதிகம் இழந்தவர். வேலிக்கு மேலால் தலையை நீட்டி ஒரு நாள் கேட்டார்: "வாத்தியார், ஊருக்குப் பேர் என்ன?"

"பாப்பாமோட்டை."

"மோட்டை எண்டா என்ன?"

சின்னக் குளம். வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த சொல். இத்தனை வருடம் முகவரியில் எழுதியும் நாங்கள் யோசிக்கவில்லை. காணிக்குக் கிழக்கே, கொஞ்சம் மேடான பக்கம், ஒரு பள்ளம் தூர்ந்து, உடைமரம் மண்டிக் கிடந்தது. சின்ன வயதில் அதில் மார்கழி முழுக்கத் தண்ணீர் நிற்கும் என்றும், அது நின்ற வருடங்களில் கீழே உள்ள கிணறுகள் சித்திரை வரை இனிக்கும் என்றும் ஐயா சொன்னார். அந்த வருடம் கோடையில் அவரும், அவருடைய மருமகனும், நாங்களும், பள்ளிக்கூடத்துப் பெரிய பெடியன்கள் சிலரும் சனி ஞாயிறுகளில் அந்தப் பள்ளத்தைத் தோண்டினோம். கிராம அலுவலரிடம் சொல்லிவிட்டுத்தான். ஆறு கிழமை. ஆழம் இடுப்பளவு கூட வரவில்லை. அள்ளிய வண்டலைக் கூடை கூடையாகக் காணிக்குள் கொட்டினோம். கறுப்பு மண், கையில் பிடித்தால் பிடிபடும். டோசர் தள்ளிக்கொண்டு போனதில் ஒரு பங்கு அப்படித் திரும்பியது.

அந்த மாரியில் மோட்டை நிறைந்தது. 2019 ஓகஸ்டில் உம்மா பிளேன்டீ குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று தரம் கேட்டோம். "நல்லா இருக்கு, குடிக்க விடுங்க" என்றார்.

மோட்டை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டோம். அந்த வருடம் இறைத்ததும் குறைவு. கூரைத் தண்ணீரைக் கிணற்றோரக் குழிக்குள் விட்டிருந்தோம். காணிக்குள் விழும் மழை வெளியே ஓடாமல் குறுக்கே சிறு வரம்புகள் கட்டியிருந்தோம். எங்கள் வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை விழுந்து முடிந்துவிடும். அந்த மூன்று மாதம் தண்ணீரை வழிமறிக்காவிட்டால் மற்ற ஒன்பது மாதமும் எந்த மோட்டாராலும் பயனில்லை.

மூடாக்குப் பற்றியும் ஒரு சொல். இந்தியப் புத்தகங்களில் வைக்கோலை மண்மேல் பரப்பு, மண்புழு வரும் என்று இருக்கும். எங்கள் காணியில் மண்புழுவுக்கு முன்பே கறையான் வந்தது. மிச்சத்தைச் சோளகக் காற்று வேலிக்கு அப்பால் கொண்டுபோனது. அதற்கும் மிஞ்சியதைக் கட்டாக்காலி மாடுகள் ஒரு இரவில் படலையை உடைத்து வந்து தின்றுவிட்டுக் கத்தரியையும் மிதித்துவிட்டுப் போயின. இரண்டு வருடம் இப்படி. பிறகு உம்மா சொன்னபடி மேலே பரப்புவதை விட்டுக் கீழே தாட்டோம். தேங்காய்ப் பொச்சு மட்டையை வாய் மேலே பார்க்க அடுக்கி, அதன் மேல் பழைய பனையோலை, பூவரசங்குழை, கிளிசரியாக் குழை, அதன் மேல் மண். பொச்சு தன் நிறையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னந்தோட்டங்களில் பழைய வழக்கம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வேய்ந்து உக்கிய பனையோலையைத் தாட்டதும் இதே காரணத்துக்குத்தான். நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானில் புக்குவோக்கா எழுதியதை வாசித்துவிட்டு உம்மாவிடம் வந்து சேர எங்களுக்கு ஆறு வருடம் எடுத்தது.

கடற்கரையில் ஒதுங்கும் சாதாளையும் நல்ல பசளை. ஆனால் ஒரு மாரி முழுக்க வெளியில் போட்டு மழையில் உப்புக் கழுவிய பிறகுதான் காணிக்குள் எடுக்க வேண்டும். விடத்தல்தீவிலிருந்து வாங்கும் மீன் கழிவைப் பனங்கட்டியோடு ஊறவைத்துத் தெளிப்போம். மணம் பற்றி அயலவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மாட்டு மூத்திரம் சேர்த்த கரைசல்கள் பற்றிக் கேட்பவர்களுக்கு: எங்கள் மத்ஹபில் அது நஜீஸ். மௌலவி ஒருவரிடம் கேட்டோம். மண்ணுக்குப் போடலாம், விளைவது சுத்தம், உடம்பிலும் உடுப்பிலும் பட்டதைக் கழுவிவிட்டுத் தொழ வேண்டும் என்றார். அஸருக்கு முன் ஒவ்வொரு நாளும் இந்தப் பாடு பட முடியாமல் ஆட்டுப் புழுக்கைக்கு மாறினோம். அதுவும் நஜீஸ்தான், ஆனால் தெறிக்காது. தோட்டத்துக்கென்று ஒரு சாரம் தனியாகத் தொங்குகிறது. அதை யாரும் துவைத்ததாக ஞாபகமில்லை.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது எங்களிடம் பலர் வந்தார்கள். "நீங்க யூரியா இல்லாமத்தானே செய்றீங்க, எங்களுக்கும் சொல்லுங்க." வெட்கமாக இருந்தது. ஒரு ஏக்கர் நெல்லுக்கு 90 கிலோ யூரியா என்றால் அதில் 41 கிலோ நைதரசன். நூற்றுக்கு ஒன்று நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே அளவைக் கொடுக்க நான்கு தொன்னுக்கு மேல் வேண்டும். ஐந்து ஏக்கர் வயல்காரன் இருபது தொன்னுக்கு எங்கே போவான்? எங்கள் முக்கால் ஏக்கருக்கே குழை சேர்க்க பத்து வருடம் வேலி வளர்த்திருக்கிறோம். இயற்கை விவசாயத்தை நம்புகிற நாங்கள்தான் அந்தத் தடைக்கு அதிகம் கோபப்பட்டோம். மண்ணைத் தயார் பண்ணாமல் ஒரே இரவில் மாற்றச் சொன்னால் கெடுவது பயிர் மட்டுமா, அந்தப் பேரும்தான். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் காலபோகத்து வயல்கள் மஞ்சளாகி நின்றன. அடுத்த வருடம் அரச ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று தோட்டம் செய்யலாம் என்று அறிவித்தார்கள். ஜும்ஆவுக்குப் போய், பெற்றோல் வரிசையில் நின்று, மிச்ச நேரத்தில் தோட்டம் செய்ய எங்களுக்கும் ஆசைதான்.

அந்த 2022 நடுப்பகுதியில் காக்கா குடும்பத்தோடு வந்தார். புத்தளத்தில் கூலி வேலை நின்றுவிட்டது. இரண்டு மாதம் இங்கே இருந்தார்கள். மரவள்ளி, முருங்கையிலை, பப்பாசிக்காய், பூசணி, முட்டை, சில நாள் ஆட்டுப்பால். பதினொரு பேர் இரண்டு நேரம் சாப்பிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். அரிசி, வெங்காயம், எண்ணெய் கடையில்தான். இவற்றை நாங்கள் ஒரு நாளும் விளைவித்ததில்லை.

வந்த மறுநாள் காக்கா கிணற்றடிக்குப் போய் வாளியால் அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். எங்களைப் பார்க்கவில்லை. பிறகு மோட்டை வரைக்கும் தனியாக நடந்துவிட்டு வந்தார். அவர் போகும்போது கிளிசரியாத் தடி ஒரு கட்டு கேட்டார், வெட்டிக் கொடுத்தோம். மோட்டாரில் அவருக்கு இருக்கும் பாதிப் பங்கை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கொடுக்கப் போனால் என்ன அர்த்தம் எடுப்பாரோ என்று பயம். மூத்த மகள் சொல்கிறாள், காசாகக் கொடுக்காமல் நான்கு ஆடாகக் கொடுங்கள் என்று. யோசிக்கிறோம்.

இப்போது உம் கேள்விக்கு வருகிறோம், தம்பி. மோட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கும் வயது போகிறது, போன வருடம் அரைக் குதிரைவலு ஒன்று பூட்டினோம். காலை இருபது நிமிடம், பின்னேரம் இருபது நிமிடம். கிணற்றுக் கட்டில் ஒரு சிவப்புக் கோடு கீறியிருக்கிறோம், தண்ணீர் அதற்குக் கீழே போனால் அன்றைக்கு வாளி. கோட்டைப் பார்ப்பது சின்னவனின் வேலை. அவன் ஈவிரக்கம் இல்லாதவன்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யும். லீவு எடுத்துச் செப்டெம்பரில் வாரும், மழைக்கு முன்பு, கிணறு அடியில் கிடக்கும் நேரத்தில். உம் வாப்பாவின் காணிக் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாரும். ஆய்வுகூடத்தில் சோதிக்கலாம், அதற்கு முன் உம்மா அதில் பிளேன்டீ ஊற்றிப் பார்ப்பார். பல்லு இரண்டு மூன்றுதான் மிச்சம். நாக்கு நல்லா இருக்கு.